பத்தியம் தவறிய மறுநாள்

(தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அந்திக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், ஈரப் படங்கோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுப்பு பற்ற வைக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அதனால் தேவையில்லாமல் பேச்சை நீட்டமாட்டோம். நாங்கள் என்று சொல்வது டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவர், மருத்துவிச்சி, நலன்புரி வேலை பார்க்கிறவர் ஆகிய மூன்று பேரையும் சேர்த்துத்தான். பேசுவது ஒருவர் என்றாலும் மூன்று பேரும் கூடிக் கதைத்து முடிவு செய்ததைத்தான் இங்கே சொல்லுகிறோம்.

தீபாவளி முடிந்த இரண்டாம் கிழமை கிளினிக் நாள் வந்தது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்களில் பாதிப் பேர்கூட அன்றைக்கு வரவில்லை. மழையும் இல்லை, வேலையும் வழமைபோலத்தான். என்ன சங்கதி என்று லயத்துக்கு லயம் போய்க் கேட்டோம். ஒருத்தர் "மருந்து இன்னும் கொஞ்சம் கெடக்குதுங்க" என்றார். இன்னொருத்தர் "கிளினிக் கொப்பியக் காணோம், புள்ளைங்க எங்கயோ போட்டுருச்சுங்க" என்றார். கடைசியில் மேட்டு லயத்தில் ஒரு வயசான அம்மாதான் உண்மையைச் சொன்னார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாறது? நாலு நாளா பலகாரமா தின்னுப்புட்டேன். ரத்தம் குத்திப் பார்த்தா மாட்டிக்குவேன். நீங்க ஏசுவீங்க. எல்லாம் அடங்குனதுக்கப்புறம் தை பொறந்து வாறேன்."

அந்த அம்மா சொன்ன இந்த நாலு வார்த்தைக்காகத்தான் இன்றைய கூட்டமே.

முதலில் எங்கள் மேல் இருக்கிற பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில வருசத்துக்கு முன்னால் நாங்கள் வேறு ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தோம். அங்கே நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஓர் அக்கா. நல்ல கொழுந்துக்காரி. சீனி வருத்தம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு மாதம் அவர் இருந்த பத்தியத்தை நாங்களே இருந்திருக்க மாட்டோம். தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினார். காலையில் மூன்று ரொட்டி தின்றவர் ஒரு ரொட்டியும் கீரையுமாக இருந்தார். சீனி அளவும் இறங்கி வந்தது. அப்புறம் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் வந்து வீடு நிறைந்து போயிற்று. மூன்று நாள் கட்டுப்பாடு இல்லை. அந்தக் கிழமையே கிளினிக். வெறும் வயிற்றில் பார்த்தபோது 240 காட்டியது. (சீனி வருத்தம் என்று முடிவு கட்டுவதற்கு வெறும் வயிற்றில் 126 போதும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.) அப்போது எங்களில் ஒருவர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஒனக்கு வாயக் கட்ட முடியாதா? எங்க நேரத்தையும் வீணாக்குற" என்று சொல்லிவிட்டார். யார் சொன்னது என்று இப்போது பிரித்துப் பேச விருப்பமில்லை. மூன்று பேரும் அங்கேதான் இருந்தோம், யாரும் தடுக்கவில்லை. அந்த அக்கா சிரித்துக்கொண்டே மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் கிளினிக் பக்கம் வரவேயில்லை. நாங்களும் வேலை மும்முரத்தில் தேடிப் போகவில்லை. ஒன்றரை வருசம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலையில் கவ்வாத்துக் குச்சி கால் விரலில் குத்தி இருக்கிறது. சீனி கூடிப்போய் கால் மரத்துக் கிடந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. அட்டைக் கடி என்று நினைத்துப் புகையிலையை வைத்துக் கட்டி இருக்கிறார். டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு விரலை எடுத்தார்கள். மேட்டு மலை வேலை அதோடு நின்று போயிற்று, நாற்றுமேடையில் இலகுவான வேலை கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "ஏங்க்கா நீங்க வரவே இல்ல?" என்று கேட்டோம். அவர் சொன்னது இன்றைக்கும் எங்கள் காதில் கேட்கிறது. "மூணு நாள் தின்னதுக்கே அப்புடிக் கேட்டீங்க. அதுக்கு மேல நான் தின்னதுக்கு என்னா கேப்பீங்களோன்னு பயம். கெட்டது கெட்டாச்சு, இனிமே என்னான்னு இருந்துட்டேன்."

அவரைக் கெடுத்தது சடங்குச் சோறு இல்லை. மூன்று நாள் சாப்பாட்டால் யாருக்கும் விரல் போவதில்லை. "கெட்டது கெட்டாச்சு" என்ற நினைப்பும் அதற்குத் துணைபோன எங்கள் வாயும்தான் ஒன்றரை வருசத்தைத் தின்றது.

இந்த நினைப்பு தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் வருகிற பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தவர், பணக்காரர், வெள்ளைக்காரர் எல்லோருக்கும் வருகிறதுதான். 1975ஆம் ஆண்டில் ஹெர்மன், மாக் என்ற இரண்டு மனோதத்துவ ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் என்கிற இனிப்புப் பால் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாத ஆட்கள், பாலைக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகத்தான் தின்றார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே. ஆனால் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்கிறவர்கள், பாலைக் குடித்த பிறகு குறைப்பதற்குப் பதிலாகக் கூடுதலாகத் தின்றார்கள். பத்தியம்தான் உடைந்துவிட்டதே, இனி என்ன என்கிற அதே கதைதான். நம்முடைய அக்கா சொன்ன "கெட்டது கெட்டாச்சு"வை அவர்கள் ஆய்வு வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே தவறிப் போகிறது மனுச இயல்பு. அதற்கு அடுத்த வேளை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்லுகிறோம். மழையிலோ காய்ச்சலிலோ ஒரு நாள் பேர் விழாமல் போனால், "இந்த மாசம் பேரே வேண்டாம், அடுத்த மாசம் ஒண்ணாந் தேதியில இருந்து பார்த்துக்கலாம்" என்று வீட்டில் யாராவது படுத்துக்கொள்வீர்களா? மறுநாள் பெரட்டுக்கு ஓடுவீர்கள். 2019இல் நிறுத்தும்வரைக்கும் வரவுக் கொடுப்பனவு என்று ஒன்று சம்பளத்தில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குக்கூட வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால் போதும் என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள். நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. கொழுந்து விசயத்தில் அவ்வளவு கறாரான கம்பனிக் கணக்கே நூற்றுக்கு நூறு கேட்கவில்லை என்றால், உங்கள் உடம்பிடம் நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் லாலி என்ற அம்மையாரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஓர் ஆய்வு 2010ஆம் ஆண்டில் அச்சானது. 96 பேர் கலந்துகொண்டார்கள். சாப்பாட்டிலோ குடிப்பதிலோ உடற்பயிற்சியிலோ ஒரு புதுப் பழக்கத்தைத் தெரிந்தெடுத்து 12 கிழமை செய்துவரச் சொன்னார்கள். யோசிக்காமல் தன்னாலே செய்கிற அளவுக்குப் பழக்கம் படிவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். இதில் எங்களுக்குப் பிடித்த விசயம் என்னவென்றால், இடையில் ஒரு தடவை தவறியவர்களுக்கும் பழக்கம் படிவது அதனால் கெட்டுப்போகவில்லை. ஒரு கிழமையிலேயே பழகவில்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள் அந்த 254ஐ நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாசத்துக்கும் மேல்.

சரி, தவறியாச்சு. மறுநாள் என்ன செய்வது?

பலர் செய்கிற முதல் பிழை, பட்டினி கிடந்து ஈடுகட்டுவது. "நேத்து லட்டு தின்னேன், இன்னைக்கு ஒண்ணுந் திங்காம மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டு மலைக்குப் போறேன்" என்று போகிறார்கள். இதைப்பற்றிக் கொஞ்சம் அதட்டியே பேச வேண்டி இருக்கிறது, மன்னிக்க வேண்டும். சீனிக்குக் கொடுக்கிற மருந்துகள் எல்லாம் ஒன்று அல்ல. மெட்ஃபோமின் மட்டும் எடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சீனி அளவுக்கு மீறி இறங்காது. ஆனால் கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுக்கிறவர்கள் சாப்பிடாமல் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினால், இரத்தத்தில் சீனி 70க்கும் கீழே போய்விடலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். செங்குத்து மலையில் அந்த நேரத்தில் கால் தடுமாறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் "குடிச்சிருக்காளோ" என்று கேலி பேசிக்கொண்டு நிற்கவும் கூடாது. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிசம் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு தரம் கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடட்டும். மயங்கி நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்புங்கள்.

அதனால் அந்த வகை மருந்து எடுக்கிறவர்கள் மடியில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி கட்டிக்கொண்டு மலைக்குப் போங்கள். சீனி வருத்தக்காரிக்கு எதுக்குச் சீனி என்று கங்காணி சிரித்தால் சிரிக்கட்டும். எந்த மாத்திரை உங்களுடையது என்று தெரியாவிட்டால் உறையோடு கொண்டுவந்து கேளுங்கள். இரண்டாவது பிழை, கூடத் தின்றதற்கு மாத்திரையையும் கூடப் போடுவது. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஆகவே தவறிய மறுநாள், வழமையான பத்தியச் சாப்பாடு, வழமையான மருந்து, வழமையான நேரம். தண்டனை எதுவும் வேண்டாம். தை பொறக்கட்டும், சம்பளம் போடட்டும், ஆடித் திருவிழா முடியட்டும் என்று நாள் பார்க்கவும் வேண்டாம். நம்முடைய வருசத்தில் ஏதாவது ஒரு விசேசம் இல்லாத மாசம் உண்டா? மத்தியானம் தவறினால் இரவுச் சாப்பாட்டில் திரும்பிவிடுங்கள்.

அடுத்ததாக, எங்கே தவறுகிறது என்று பாருங்கள். கிளினிக்கில் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பிடிபட்டது என்னவென்றால், ஆட்கள் கண்ட கண்ட நேரத்தில் தவறுவதில்லை. சம்பள நாள், டவுனுக்குப் போய் வருகிற நாள், சாவு வீடு, கோயில் பூசை, வீட்டில் சண்டை நடந்த இரவு. இதற்கெல்லாம் மேலே அந்தி நாலரை மணி. காலையில் அவசரத்தில் தேத்தண்ணியோடு ஓடிவிட்டு, மத்தியானம் ஆறிப்போன ரொட்டியைக் கடித்துவிட்டு, கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வருகிறபோது குடல் காய்ந்து போயிருக்கும். அந்தப் பசியில் பணிஸ் கண்ணில் பட்டால் யாராலும் ஒன்றோடு நிறுத்த முடியாது. அது மனத் திடம் இல்லாததால் வருவது அல்ல, பசி. ஒரு தம்பி எங்களிடம், "நான் திங்கிறது ராத்திரி பத்து மணிக்குத்தாங்க" என்றார். பகல் முழுக்கப் பத்தியம் என்று பேருக்கு அரைவயிறு இருந்திருக்கிறார். பகலில் அவித்த கடலையோ கௌப்பியோ ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். பத்து மணிப் பணிஸ் தன்னாலே நின்று போயிற்று. எல்லோருக்கும் இப்படி நின்றுவிடும் என்று சத்தியம் பண்ண மாட்டோம். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தவறுவதற்கு இன்னொரு காரணம், நாங்களே உங்கள் தலையில் ஒரே நாளில் மூட்டையை ஏற்றிவிடுவது. சீனியை விடு, ரொட்டியை விடு, சோற்றைக் குறை, தேங்காயைக் குறை, கருவாட்டைக் குறை என்று ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அத்தனையும் ஒரே நாளில் யாருக்கு முடியும்? ஒன்றைப் பிடியுங்கள், அது படிந்த பிறகு இன்னொன்று. எதை முதலில் பிடிப்பது என்று கேட்டால் தேத்தண்ணியைப் பிடியுங்கள் என்போம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 5 கிராம். எழும்பினதும் ஒன்று, பெரட்டுக்கு முன்னால் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, அந்திக்கு ஒன்று, ஆக ஐந்து கோப்பை. கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் ஒரு நாளைக்கு 75 கிராம். மாசத்துக்கு இரண்டே கால் கிலோ, அதுவும் ஓர் ஆளுக்கு. நோய் இல்லாத ஆளே ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்கு உள்ளே நிற்க வேண்டும், 25க்கு வந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லி இருக்கிறது. சீனியைத் தொட்டு நக்கிக்கொண்டு சாயத் தண்ணி குடிக்கிற பழக்கம் நம் பாட்டிமாருக்கு இருந்தது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகையை வைத்துக்கொண்டு ஒரு கோப்பையையும் முடித்துவிடுவார்கள். சட்டென்று விட முடியாதவர்கள் அப்படி ஆரம்பிக்கலாம். அல்லது பத்து மணிக் கோப்பையை மட்டும் முதலில் வெறும் சாயமாக்குங்கள். இரண்டு கிழமை கழித்து அடுத்த கோப்பை. நாக்கு பழகும். பழகின பிறகு பழைய தேத்தண்ணி பாணியாக இனிக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள். இந்த நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற நாம் அந்தத் தேயிலையின் ருசியைச் சீனியில் மறைத்துக் குடிப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

ரொட்டி விசயம் கொஞ்சம் சிக்கல். அரிசியும் மாவும் தோட்டத்திலேயே அளந்து கொடுத்துச் சம்பளத்தில் பிடித்த காலம் உண்டு. கோதுமை ரொட்டி நம் வீட்டுக்குள் வந்தது நம்முடைய பேராசையால் அல்ல. விடியற்காலையில் சீக்கிரம் சுடலாம், மலைக்குக் கொண்டு போகலாம், வயிற்றில் நிற்கும். ஆகவே ரொட்டி தின்கிறவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். ஆனால் 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்துத்தான். அது வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறும். ரொட்டியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றை இரண்டாக்குங்கள், கனத்தைக் குறையுங்கள், மாவோடு முருங்கைக் கீரையோ கரட்டோ சீவிப் போட்டுப் பிசையுங்கள். தொட்டுக்கொள்ள வெறும் சம்பலோடு நிற்காமல் பருப்போ முட்டையோ நெத்தலியோ சேர்ந்தால் பசி தாங்கும்.

குரக்கனைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரக்கன் ரொட்டி என்றால் சீனி வருத்தத்துக்கு மருந்து, எத்தனையும் தின்னலாம் என்று ஒரு கதை ஊரில் நடக்கிறது. குரக்கனிலும் மாச்சத்து கோதுமை அளவுக்கு நெருங்கத்தான் இருக்கிறது. நார்ச்சத்துக் கூட என்பதால் நல்லது, அவ்வளவுதான். குரக்கனில் ஐந்து தின்றால் அதுவும் தவறியதுதான்.

டவுன் கடையில் சோடா வாங்குகிறபோது போத்தலில் இருக்கிற நிறப் புள்ளியைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு அப்படிப் போட வேண்டும் என்று சட்டம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. மஞ்சள் என்றால் 2 முதல் 11. பச்சை என்றால் 2க்குக் கீழே. 12 கிராம் உள்ள சிவப்புப் போத்தல் 400 மில்லிலீற்றர் குடித்தால் 48 கிராம், அதாவது ஒன்பது பத்துக் கரண்டி சீனி ஒரே மூச்சில். எழுத்துத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்து வாங்கலாம் என்பதுதான் இதில் உள்ள நன்மை.

அண்ணன்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்பள நாளில் வெறும் வயிற்றில் சாராயம் போட்டுவிட்டு மாத்திரையும் போடுகிறவர்களுக்கு இரவில் சீனி இறங்கி மயக்கம் வரலாம். வீட்டில் உள்ளவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. குடிக்காமல் இருப்பது நல்லது என்று உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லவில்லை. குடித்துத் தவறிய நாளிலும் சாப்பிடாமல் படுக்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் பங்கு இருக்கிறது. "ஒரு நாளைக்குத்தானே, தின்னு" என்று வற்புறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். "நீ பத்தியக்காரியாச்சே, இப்ப என்னாத்துக்கு வடையத் தின்ன?" என்று குத்துகிறவர்கள் மறுபக்கம். இரண்டு பேரும் ஒரே அளவுக்குக் கெடுதல்தான் செய்கிறார்கள். குத்தினால் அந்த ஆள் அடுத்த வடையை மறைவில் தின்பார். ஒரே சட்டியில் சமைக்கிற வீட்டில் அம்மாவுக்குத் தனிப் பத்தியம், மற்றவர்களுக்குத் தனிச் சாப்பாடு என்பது நடக்காது. வீட்டோடு சேர்ந்து ஒரு கரண்டி குறையுங்கள். அம்மா அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருவதற்கு இடம் இருக்கிறது. 35 வயசு தாண்டியவர்களுக்கு இலவசமாகச் சீனி, பிரஷர் எல்லாம் பார்க்கிற பிரிவுகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2011ஆம் ஆண்டிலிருந்து நடக்கின்றன. போய்ப் பாருங்கள்.

இனி, எங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு விசயம். கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் மட்டும் கஞ்சித் தண்ணியோடு இருந்து, நல்ல கணக்குக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் இரத்தத்தில் இன்னொரு சோதனை உண்டு, அது கடந்த இரண்டு மூன்று மாசத்துச் சராசரியைக் காட்டும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது, அத்தனை நாள் சீனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு நாள் கஞ்சியும் தெரியாது, ஒரு நாள் லட்டும் பெரிதாகத் தெரியாது. மற்ற நாளெல்லாம் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் தெரியும். பொய்க் கணக்குக் காட்டினால் நாங்கள் தப்பான அளவில் மருந்து கொடுப்போம், நட்டம் உங்களுக்கு. தின்ற கிழமையில் தின்றேன் என்று சொல்லி வந்தால்தான் எங்களுக்கு வேலை சுலபம்.

கூட்டத்துக்கு முன்னால் ஓர் அக்கா கேட்டார், கோயில் பொங்கலை வேண்டாம் என்று சொன்னால் சாமி குத்தம் இல்லையா என்று. கையில் வாங்கி ஒரு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். சாமி அளவு பார்த்துக் கொடுப்பதில்லை என்று பூசாரியே சொன்னார், நாங்கள் கேட்டுவிட்டோம்.

கடைசியாக எங்கள் பக்கம் என்ன மாற்றி இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த கிளினிக்கில் இருந்து இரத்தம் குத்துகிற மேசையும் நிறுக்கிற தராசும் வெளி வராந்தாவில் இருக்காது, உள் அறைக்குள் இருக்கும். ஒருவர் வந்து போன பிறகுதான் அடுத்தவர். உங்கள் கணக்கை நாங்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், கொப்பியில் எழுதுவோம். கொப்பி தொலைந்தவர்களுக்குப் புதுக் கொப்பி இருக்கிறது, ஏன் தொலைந்தது என்று கேட்க மாட்டோம். வராதவர்கள் வீட்டுக்கு அந்தக் கிழமையே ஒருவர் வருவோம். கால் பாதத்தைப் பார்ப்போம், அதற்கு மட்டும் வெட்கப்பட வேண்டாம், சேற்றுக் காலோடு வந்தாலும் கழுவத் தண்ணி வைத்திருக்கிறோம். யாராவது ஏசினால் நலன்புரி அலுவலரிடம் சொல்லுங்கள். ஏசியது அவரே என்றால் மற்ற இரண்டு பேரிடமும் சொல்லுங்கள்.

மேட்டு லயத்து அம்மா இன்றைக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தை பிறக்கவில்லை, இருந்தாலும் வந்துவிட்டார். அவருக்கு எங்கள் நன்றி.

பின்னால் வாளியில் சாயத் தண்ணி இருக்கிறது, கொண்டைக்கடலை அவித்திருக்கிறோம். சீனிப் போத்தலைத் தேடாதீர்கள். அது மருந்து அலமாரிக்குள் இருக்கிறது, கைநடுக்கம் வருகிறவர்களுக்காக. ஆறுவதற்கு முன்னால் வந்து குடியுங்கள்.